2,029 வெற்றி, பட்டம் ஒன்றுகூட இல்லை: மைக் மார்ட்டினை எந்த வரிசையில் வைப்பது?

#1 சுழல்பந்து

2024 பிப்ரவரியில் மைக் மார்ட்டின் காலமான பிறகு, அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் "எல்லாக் காலத்துக்கும் முதல்வர் அவர்தான்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். அந்த வரியை நான் மறுக்கிறேன்.

அவர் கணக்கை முழுசாகவே வைக்கிறேன். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1980 முதல் 2019 வரை 40 சீசன் தலைமைப் பயிற்சியாளர். 2,029 வெற்றி, 736 தோல்வி, 4 சமன். 40 சீசனிலும் குறைந்தது 40 வெற்றி, 40 சீசனிலும் தேசியப் போட்டிக்குத் தகுதி. அதில் 17 முறை ஒமாஹா, அதாவது கடைசி எட்டு அணிகள் மோதும் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ். தேசிய சாம்பியன் பட்டம்? ஒன்றுமில்லை. 1986 இறுதியில் அரிசோனாவிடம் 10–2, 1999 இறுதியில் மயாமியிடம் 6–5.

இதோடு எல்.எஸ்.யு.வின் (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) பயிற்சியாளர் ஸ்கிப் பெர்ட்மனை ஒப்பிடுங்கள். 1984 முதல் 2001 வரை 18 சீசன்தான். 870 வெற்றி. ஒமாஹாவுக்கு 11 முறை போய் 1991, 1993, 1996, 1997, 2000 என ஐந்து பட்டம். போன இறுதி ஆட்டம் ஐந்து, ஐந்திலும் வெற்றி.

என் வாதம் இதுதான். மார்ட்டினின் ஆட்ட முறை பிப்ரவரியிலிருந்து மே வரை ஜெயிப்பதற்கென்றே அமைந்தது. ஒமாஹா ஆட்டங்கள் நடக்கும் ஜூனில் அது வேலை செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்குப் பெயர் துரதிர்ஷ்டம் அல்ல.

#2 பதினொன்று

மார்ட்டின் சட்டையில் இருந்த எண்ணையே பெயராக வைத்திருக்கிறேன், ஆகவே நான் எந்தப் பக்கம் என்று ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் வெற்றி விகிதம். மார்ட்டின் .733. பெர்ட்மன் .724. பெர்ட்மன் 18 ஆண்டில் எட்டிய தரத்தை மார்ட்டின் 40 ஆண்டு இழுத்துக்கொண்டு போனார். நாற்பது ஆண்டில் எத்தனை தலைமுறை மாணவர்கள் வந்து போயிருப்பார்கள்! கல்லூரி அணியில் நல்ல வீரர் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் தொழில்முறை லீகான எம்.எல்.பி.யின் டிராஃப்டில் (புது வீரர் தேர்வில்) போய்விடுவார். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அணியையே புதிதாகக் கட்டவேண்டும். அப்படிப் பதின்மூன்று முறை கட்டி, ஒரு முறைகூட 40 வெற்றிக்குக் கீழே போகவில்லை.

வீரர்களை வளர்த்ததைப் பாருங்கள். பஸ்டர் போஸி 2006ல் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஆள்) வந்தார். 2007ல் அவரை கேட்சராக்கினார்கள் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்). 2008ல் .463 சராசரி, 26 ஹோம் ரன், 93 ரன்கள் உள்ளே கொண்டுவந்தது, சிறந்த அமெச்சூர் வீரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருது, டிராஃப்டில் ஐந்தாவது இடம். ஷார்ட்ஸ்டாப்புக்கு வேண்டிய மென்மையான கையும் வேகமான கைமாற்றும் இருக்கிற ஒருவர் கேட்சர் ஆனால் இரண்டாம் பேஸுக்கு எறியும் நேரம் குறையும் என்று கண்டுபிடித்தது பயிற்சியாளர் வேலை இல்லையா? ஜே.டி. ட்ரூ 1997ல் ஒரே சீசனில் 30 ஹோம் ரன், 30 பேஸ் திருட்டு இரண்டையும் தாண்டினார், கல்லூரி ஆட்டத்தில் அப்படிச் செய்த முதல் ஆள். மைக் ஃபுயென்டெஸ், மைக் லாய்ண்ட், ட்ரூ, போஸி என நான்கு கோல்டன் ஸ்பைக்ஸ் ஒரே பயிற்சியாளரிடமிருந்து.

பட்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒமாஹாவில் எட்டு அணி, இரண்டு வாரத்துக்கும் குறைவான நாட்கள். அதை 40 ஆண்டுக்கு எதிராக நிறுத்துவது சரியல்ல.

#3 வாசல்படி

ஒரு கேள்வி. ஒமாஹாவில் ஆட்டங்கள் எப்படி நடக்கும்? ஒரு தோல்வியோடு வெளியேற மாட்டார்கள் என்று தெரியும். இறுதி ஆட்டம் ஒன்றா மூன்றா?

#4 புள்ளிப்பலகை

காலத்துக்குக் காலம் மாறியது. இந்த விவாதத்தில் பாதி அதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1987 வரை எட்டு அணிகளும் ஒரே அடைப்பில் (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை), இரண்டு தோல்வி வாங்கினால் வீடு. 1988ல் எட்டை நான்கு நான்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு தோல்வி முறை, பிரிவில் ஜெயித்த இருவருக்கும் தொலைக்காட்சிக்காக ஒரே ஒரு இறுதி ஆட்டம். 2003 முதல் இறுதி மூன்று ஆட்டத் தொடர்.

நான்கு அணிப் பிரிவில் தோற்காமல் வந்தால் 3 ஆட்டம் போதும். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் அடுத்த நான்கையும் ஜெயிக்கவேண்டும், ஆக 5 ஆட்டம். இரண்டாவதில் தோற்றாலும் 5 தான். மூன்றாவதில் தோற்றால் 4. இந்த இரண்டு ஆட்ட வித்தியாசம்தான் பட்டத்தைத் தீர்மானிக்கிறது. கல்லூரி அணிக்கு வார இறுதிக்கென்று மூன்று ஸ்டார்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் (பந்து எறிபவர்), இருப்பார்கள்: வெள்ளி, சனி, ஞாயிறு. நல்ல பிட்சர் 100, 110 பந்து போட்டால் மறுபடி முழுத் திறனோடு எறிய ஐந்தாறு நாள் வேண்டும். தோற்காத அணிக்கு நடுவில் ஓய்வு நாள் கிடைக்கும், இறுதிக்கு முதல்நிலை பிட்சர் மறுபடி தயாராக இருப்பார். தோற்ற அணி நான்காவது, ஐந்தாவது ஆட்டத்துக்கு யாரை அனுப்பும்? வாரநாள் ஆட்டத்தில் எறியும் முதலாம் ஆண்டு மாணவனை. அல்லது வெள்ளிக்கிழமை ஆளை மூன்று நாள் ஓய்வோடு. இரண்டும் ஆபத்து.

1999ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடா ஸ்டேட் பிரிவு இறுதியில் ஸ்டான்ஃபோர்டை 14–11 என்று 13 இன்னிங்ஸில் ஜெயித்தது. மறுநாளே மயாமியோடு இறுதி. மயாமி ஒரு ஆட்டமும் தோற்காமல் ஓய்வோடு வந்திருந்தது. 6–5. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது தோற்ற அணியின் மார்ஷல் மக்டூகலுக்குப் போனது.

#5 சுழல்பந்து

நன்றி, இதே புள்ளியை நான் என் பக்கம் வைக்கிறேன். பெர்ட்மனின் ஐந்து இறுதியும் அந்த ஒரே ஆட்ட முறையில்தான். 1991, 1996, 1997, 2000 நான்கிலும் எல்.எஸ்.யு. ஒமாஹாவில் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. 1993ல் மட்டும் ஒரு தோல்வி. அந்த முறை மார்ட்டினுக்குக் கொடுமை செய்தது என்றால் பெர்ட்மனுக்கும் செய்திருக்கவேண்டும். செய்யவில்லை, ஏனென்றால் முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்து ஓய்வைச் சம்பாதித்தார்.

பெர்ட்மன் ஒவ்வொரு பந்தையும் டக்அவுட்டிலிருந்து (அணி உட்காரும் இடம்) சைகை காட்டித் தீர்மானித்தார். எந்த பேட்டருக்கு எந்த எண்ணிக்கையில் (பால், ஸ்ட்ரைக் கணக்கு) எந்தப் பந்து என்று எதிரணியைப் படித்து வைத்திருப்பார். ஒமாஹாவில் முன்பின் பார்க்காத அணிகளோடு ஆடும்போது இந்தத் தயாரிப்பின் மதிப்பு இரட்டிப்பாகும். அங்கே பத்தொன்பது வயது கேட்சரின் ஊகத்தை நம்பி விட முடியாது.

#6 பதினொன்று

அந்தத் தயாரிப்போடு மட்டையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1997ல் எல்.எஸ்.யு. அடித்தது 188 ஹோம் ரன், அது இன்றும் கல்லூரிச் சாதனை. அந்தக் கால அலுமினிய மட்டையின் எடை, அங்குலத்தில் அதன் நீளத்தைவிட ஐந்து அவுன்ஸ் வரை குறைவாக இருக்கலாம். 34 அங்குல மட்டை 29 அவுன்ஸ்! பெர்ட்மன் அணியைப் பெரிய தோள்களாகப் பொறுக்கிச் சேர்த்தார். 1998 இறுதி ஆட்டம் 21–14 என்று போன பிறகு விதிக் குழு விழித்தது. எடை வித்தியாசம் மூன்று அவுன்ஸாகவும் மட்டையின் பருமன் 2 5/8 அங்குலமாகவும் இறங்கியது.

#7 சுழல்பந்து

புது மட்டை வந்த பிறகுதானே 2000 பட்டம்? ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸ் வரை 5–2 பின்தங்கி, ஒன்பதாவதில் பிராட் கிரெஸியின் அடியில் 6–5. 1991, 1993 பட்டங்களும் 188 ஹோம் ரன் வருவதற்கு முன்னால். 1993 இறுதியில் விசிட்டா ஸ்டேட்டை 8–0 என்று அடக்கியது பிரெட் லாக்ஸ்டனின் 16 ஸ்ட்ரைக்அவுட், மட்டை இல்லை. கையில் இருக்கிற அணிக்கும் விதிக்கும் தக்கபடி பெர்ட்மன் மாறினார். மார்ட்டின் மாறவில்லை. அதைத்தான் விளக்கப் போகிறேன்.

ஃபுளோரிடா ஸ்டேட்டின் அடையாளம் வாக், அதாவது பிட்சர் நான்கு பந்தைத் தவறாக எறிந்தால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது. பல சீசன்களில் நாட்டிலேயே அதிக வாக் வாங்கிய அணி அதுதான். பேட்டருக்குக் கட்டளை: உன் இடத்தில் வராத பந்தை விடு, எண்ணிக்கையை நீட்டு. இதன் பொறிமுறையைப் பாருங்கள். ஒரு ஸ்டார்டருக்கு 100 பந்து என்று வைப்போம். பேட்டர் ஒருவருக்கு சராசரி 3.7 பந்து என்றால் அவர் 27 பேரைச் சந்திப்பார். 4.2 ஆக்கினால் 24 பேர்தான். மூன்று பேட்டர் குறைவு, கிட்டத்தட்ட ஒரு இன்னிங்ஸ். அந்த இன்னிங்ஸை எதிரணி புல்பென் (மாற்று பிட்சர்கள்) போடவேண்டும். வெள்ளிக்கிழமை புல்பென் காலி, சனிக்கிழமை மறுபடி காலி, ஞாயிறு யாரும் மிச்சமில்லை. அப்போது ஃபுளோரிடா ஸ்டேட் 11 ரன் அடிக்கும். லீக் ஆட்டங்கள் மூன்று ஆட்டத் தொடர் என்பதால் இந்த முறை அபாரமாக வேலை செய்தது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஒமாஹாவில் ஒவ்வொரு ஆட்டமும் வேறு அணி. நீங்கள் சிரமப்பட்டு அரிசோனாவின் புல்பென்னைக் களைப்பாக்கினால் அதன் பலன் அரிசோனாவின் அடுத்த எதிரிக்குப் போகிறது. உங்களுக்கு வருவது புதிய அணி, புதிய கைகள். அதோடு அங்கே வரும் முதல்நிலை பிட்சர்கள் ஸ்ட்ரைக் எறியத் தெரிந்தவர்கள். வாக் கிடைக்காதபோது காத்திருக்கும் பேட்டர் இரண்டு ஸ்ட்ரைக் வாங்கி (மூன்றானால் அவுட்) பின்தங்கி நிற்கிறார். 2019ல் மிச்சிகனின் டாமி ஹென்றி ஃபுளோரிடா ஸ்டேட்டை மூன்றே ஹிட்டில் கட்டிப்போட்டு 2–0 என்று ஜெயித்தாரே, அது இந்த நோய்க்குச் சரியான உதாரணம்.

#8 புள்ளிப்பலகை

"களைப்பின் பலன் அடுத்தவனுக்கு" என்பது நல்ல கருத்து, இப்படி யோசித்ததில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரே பிரிவில் அதே அணியை மறுபடி சந்திக்க வாய்ப்பு அதிகம். 2012ல் அரிசோனாவோடு முதல் ஆட்டம் 12 இன்னிங்ஸ், 4–3 தோல்வி. பிறகு ஸ்டோனி புரூக்கை 12–2, யூ.சி.எல்.ஏ.யை 4–1 என்று ஜெயித்து மறுபடி அரிசோனாவிடம் வந்தார்கள். ஆனால் அரிசோனா அதற்குள் ஓய்வெடுத்திருந்தது. 10–3. ஆக மறுபடி சந்தித்தாலும் நடுவில் அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நீங்கள் செய்த வேலையை அழித்துவிடுகிறது.

இனி அதிர்ஷ்டக் கணக்கு. எட்டு அணியும் சம பலம் என்று வைத்தால் ஒரு பயணத்தில் பட்டம் வராத வாய்ப்பு 7/8. அதை 17 முறை பெருக்கினால் 0.103. அதாவது சராசரி ஒமாஹா அணியோடு 17 முறை போகிற பத்துப் பயிற்சியாளரில் ஒருவர் வெறுங்கையோடு திரும்புவார். அது அபூர்வம் அல்ல.

அதே அளவுகோலில் பெர்ட்மன்: 11 பயணத்தில் ஐந்து அல்லது அதற்கு மேல் பட்டம் வர வாய்ப்பு 0.007, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இதிலிருந்து எனக்குத் தெரிவது: பெர்ட்மனிடம் ஜூனுக்கென்று ஏதோ இருந்தது என்பது உறுதி. மார்ட்டினிடம் ஏதோ குறை இருந்தது என்பது உறுதியாகவில்லை. இரண்டும் வேறு வேறு கூற்று. சுழல்பந்து முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதை நிரூபித்ததாக எடுத்துக்கொள்கிறார்.

#9 சுழல்பந்து

சம பலம் என்ற அனுமானமே மார்ட்டினுக்குச் சலுகை. 1986ல் அவர் அணி 61–13. அப்படிப்பட்ட அணிக்கு 1/8 குறைவு. 1/5 என்று வைத்தால் 17 பயணத்துக்கு 0.8ஐ 17 முறை பெருக்குங்கள், 0.0225 வரும்.

#10 புள்ளிப்பலகை

17 பயணத்துக்கும் 1/5 வைக்க முடியாது. 2019ல் அந்த அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெறுமா என்பதே கடைசி வரை சந்தேகமாக இருந்தது. உண்மை இரண்டுக்கும் நடுவில். நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

#11 மூன்றாவது_பேஸ்

இருவரும் பயிற்சியாளர் ஓகி கரிடோவை விட்டுவிட்டீர்கள். 1,975 வெற்றி. மார்ட்டின் 2018 மே மாதம் தாண்டியது அந்த எண்ணைத்தான், கரிடோ இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஐந்து பட்டம்: கால் ஸ்டேட் ஃபுல்லர்டனில் 1979, 1984, 1995, டெக்சாஸில் 2002, 2005. நான்கு தசாப்தங்களில் பட்டம், இரண்டு கல்லூரிகளில் பட்டம், இறுதி ஆட்டத்தின் மூன்று வடிவங்களிலும் பட்டம்.

பட்டமும் வெற்றியும் சேர்ந்த ஆளை வைத்துக்கொண்டு ஏன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்? ஃபுல்லர்டனைப் போலப் பணபலமில்லாத, மாணவர்கள் வீட்டிலிருந்தே வந்துபோகிற கல்லூரியில் மூன்று பட்டம் எடுப்பதும், ஃபுளோரிடா ஸ்டேட் போன்ற பெரிய விளையாட்டுத் துறையில் எடுக்காமலிருப்பதும் ஒரே எடையா?

கரிடோவின் வழி பண்ட். ஆள் பேஸில் ஏறியவுடன் மட்டையைத் தாழ்த்திப் பந்தைச் சாகடிப்பது, எதிரணி மூன்றாம் பேஸ் ஆளை ஓடி வரவைப்பது, அவசரத்தில் தவறாக எறியவைப்பது. இதற்கு எதிரணி பிட்சர் களைக்கவேண்டியதில்லை. முதல்நிலை பிட்சராக இருந்தாலும் பண்ட் போடலாம். சுழல்பந்து சொன்ன "ஜூனில் வேலை செய்யும் முறை" எது என்று கேட்டால் என் பதில் அதுதான்.

#12 பதினொன்று

கரிடோவின் மொத்த விகிதம் .674. மார்ட்டினைவிட நிறையக் குறைவு. ஐந்து பட்டம் எடுத்த ஆள், சரி. ஆனால் அவருடைய அணி தேசியப் போட்டியையே பார்க்காமல் போன சீசன்களும் உண்டு. மார்ட்டினுக்கு அப்படி ஒன்றுகூட இல்லை.

வாக் முறைக்கு வருகிறேன். ஒமாஹா 2011ல் பழைய ரோசன்பிளாட் மைதானத்தை விட்டுப் புது மைதானத்துக்குப் போனது. பெரிய வெளிமைதானம், காற்று பெரும்பாலும் உள்ளே அடிக்கும். அதே 2011ல் பி.பி.சி.ஓ.ஆர். மட்டை விதியும் வந்தது, பந்து மட்டையிலிருந்து தெறிக்கும் வேகம் மர மட்டை அளவுக்கு இறங்கியது. 2014ல் 16 ஆட்டத்தில் மொத்தம் மூன்றே ஹோம் ரன். மறு ஆண்டு தையலைத் தாழ்த்திய பந்தைக் கொண்டுவந்தார்கள், அது காற்றில் கூடுதல் தூரம் போகட்டும் என்று. இப்படிப்பட்ட இடத்தில் ஹிட் இல்லாமலே பேஸில் ஆள் ஏற்றுகிற திறமை விலை மதிப்பற்றது. அந்த முறை ஜூனுக்கு எதிரி என்பதை நான் ஏற்கவில்லை.

மார்ட்டின் மாறவில்லை என்பதும் தவறு. மிச்சிகனிடம் 2–0 தோற்றதைச் சொன்னீர்கள். அதற்கு முந்தைய ஆட்டம்? ஆர்கன்சாஸை 1–0. ட்ரூ பாரிஷ் எட்டு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் எறிந்தார். 75 வயதில், கடைசி சீசனில், ஒரு ரன்னை வைத்து ஒமாஹாவில் ஜெயிக்கத் தெரிந்த அணி அது. அங்கே போகும் வழியில் ஏதென்ஸில் ஜார்ஜியாவின் மைதானத்தில் ரீஜனல் (தேசியப் போட்டியின் முதல் சுற்று), பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யு.வின் மைதானத்தில் சூப்பர் ரீஜனல் (இரண்டாம் சுற்று) இரண்டு நேர் ஆட்டத்தில். பெர்ட்மன் கட்டிய வீட்டிலேயே!

#13 சுழல்பந்து

2019 அழகான ஓட்டம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தரப்பு "ஒமாஹாவின் அமைப்பு" என்பதையே மறுபடி மறுபடி காரணமாகச் சொல்கிறது. ஆகவே ஒமாஹாவை விட்டுவிடுவோம்.

1999 முதல் தேசியப் போட்டி 64 அணிகளாகியது. 16 ரீஜனல், அதில் ஜெயித்தவர்களுக்கு எட்டு சூப்பர் ரீஜனல். சூப்பர் ரீஜனல் என்பது மூன்று ஆட்டத் தொடர், ஒரே எதிரி, பெரும்பாலும் உயர்ந்த இடம் பெற்ற அணியின் மைதானம். வழக்கமான வார இறுதியின் அச்சு அசல் வடிவம். மார்ட்டினின் முறைக்கென்றே செய்தது. 2002ல் ஃபுளோரிடா ஸ்டேட் நாட்டின் முதல் இடம், 25 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டு வந்தது. டலஹாசியில் சொந்த மைதானத்தில் நாட்டர் டேம் வந்து தொடரை எடுத்துக்கொண்டு போனது, கடைசி ஆட்டம் 3–1. நாட்டர் டேம் பனி விழுகிற இந்தியானாவில் இருக்கிறது! சீசனின் முதல் வாரங்களில் அவர்களுக்குச் சொந்த மைதானத்தில் ஆடவே வழி கிடையாது.

2001லிருந்து 2007 வரை ஒமாஹா பயணமே இல்லை. 2018ல் தேசிய ஏழாம் இடத்தோடு வீட்டில் ரீஜனல். சாம்ஃபர்டிடம் தோல்வி, மிசிசிப்பி ஸ்டேட்டிடம் ஒன்பதாவது இன்னிங்ஸில் எலைஜா மக்னமியின் மூன்று ரன் ஹோம் ரன்னில் 3–2 தோல்வி. இரண்டே ஆட்டத்தில் முடிந்தது. இதற்கும் பிரிவு அடைப்பு காரணமா?

#14 புள்ளிப்பலகை

ஒரு பட்டியல் இரண்டு பேருக்கும் உதவும். மார்ட்டினின் ஒமாஹா ஆண்டுகள்: 1980, 86, 87, 89, 91, 92, 94, 95, 96, 98, 99, 2000, 2008, 2010, 2012, 2017, 2019.

சூப்பர் ரீஜனல் வருவதற்கு முந்தைய 19 சீசனில் 10 முறை. வந்த பிறகு 21 சீசனில் 7 முறை. ஆக மூன்று ஆட்டத் தொடர் அவர் முறைக்கு உகந்தது என்ற கருதுகோளுக்கு எண்ணிக்கை ஆதரவு தரவில்லை. ஆனால் 1999க்குப் பிறகு எல்லோருக்கும் போட்டி கூடியது. 48 அணி 64 ஆனது.

1980களின் வெற்றி எண்ணிக்கைக்கும் ஒரு குறிப்பு. அப்போது ஆட்ட எண்ணிக்கை மிக அதிகம். 1986ன் 61–13 என்றால் 74 ஆட்டம். இப்போது வழக்கமான சீசனுக்கு 56 ஆட்ட உச்சவரம்பு. 2,029 என்ற மொத்தத்தை இன்று தொடங்குகிற யாரும் எட்ட முடியாததற்கு அது பெரிய காரணம். மொத்தத்தை விட்டு விகிதத்தை வைத்துப் பேசுவதுதான் நேர்மை, பதினொன்று அதைத்தான் செய்தார்.

#15 வாசல்படி

பணம்? பெரிய பல்கலைக்கழகம் என்றால் எல்லா வீரருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுத்து வாங்கிவிடலாம் இல்லையா?

#16 மூன்றாவது_பேஸ்

அப்போது முடியாது, இங்கேதான் பயிற்சியாளரின் மறைமுக வேலை இருந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து 2024-25 வரை முழு அணிக்கும் 11.7 ஸ்காலர்ஷிப்தான் அனுமதி. 2008-09லிருந்து படிப்படியாக இன்னும் இறுக்கினார்கள்: அணியில் 35 பேர், உதவி பெறுபவர் 27 பேர், ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 சதவீதம்.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 27 பேருக்கும் 25 சதவீதம் கொடுத்தால் 6.75 போய்விடும். மீதி 4.95. அதை ஒன்பது முக்கியமானவர்களுக்குப் பிரித்தால் அவர்களுக்கு ஆளுக்கு 80 சதவீதம், மற்ற 18 பேருக்கு 25. அந்த ஒன்பதில் மூன்று ஸ்டார்டர், ஒரு கேட்சர், ஒரு ஷார்ட்ஸ்டாப், ஒரு சென்டர் ஃபீல்டர் என்று போனால் மிச்சம் மூன்று. நான்காவது ஸ்டார்டருக்கு எங்கே இடம்? ஒமாஹாவில் ஐந்தாவது ஆட்டத்துக்கு ஆள் இல்லாமல் போவது இங்கேயே முடிவாகிவிடுகிறது, ஆடுவதற்கு மூன்று ஆண்டு முன்னால். ஒருவர் கை காயப்பட்டால் 80 சதவீதம் பெஞ்சில் உட்காரும்.

மாநில உதவி இதை இளக்கும். ஃபுளோரிடாவில் 1997ல் தொடங்கிய பிரைட் ஃபியூச்சர்ஸ், லூயிசியானாவில் 1998ல் வந்த டாப்ஸ் இரண்டும் உள்மாநில மாணவரின் கட்டணத்தைக் குறைக்கும், அணியின் 11.7ல் அந்த அளவு மிச்சமாகும். ஆகவே இந்த இரு கல்லூரிகளுக்கும் உள்ளூர் வீரர் மலிவு. இது மார்ட்டினுக்கும் கிடைத்த வசதி. 2025-26 முதல் ஸ்காலர்ஷிப் வரம்பே போய் 34 பேர் என்ற அணி வரம்பு மட்டும் வந்துவிட்டது. இனி கணக்கு வேறு.

#17 பதினொன்று

சுழல்பந்து, 2002 தோல்வி வலிக்கிற தோல்வி. அதைத் துரதிர்ஷ்டம் என்று மழுப்ப மாட்டேன். ஆனால் நீங்கள் பயிற்சியாளரை அளக்கிறீர்கள் என்றால் அவருக்கு முன்னும் பின்னும் அந்தக் கல்லூரி எப்படி இருந்தது என்பதையும் பாருங்கள்.

மார்ட்டினுக்கு முன்னால் ஆறு ஒமாஹா பயணம், பட்டமில்லை. 1970 இறுதியில் யூ.எஸ்.சி.யிடம் 15 இன்னிங்ஸ், 2–1. 1979ல் டிக் ஹவுசர் ஒரே சீசன் பயிற்சி கொடுத்துவிட்டு எம்.எல்.பி. அணியான யாங்கீஸுக்கு மேலாளராகப் போனார், உதவியாளராக இருந்த மார்ட்டின் கைக்கு அணி வந்தது.

அவருக்குப் பின்? மகன் மைக் மார்ட்டின் ஜூனியர் மூன்று சீசனில், 2022ல் நீக்கப்பட்டார். லிங்க் ஜாரெட் வந்தார், மார்ட்டினிடம் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். முதல் ஆண்டு 2023ல் 23–31. தொடர்ந்து 44 தேசியப் போட்டிகள் ஆடிய கல்லூரி வெளியே நின்றது. அதே வசதி, அதே மைதானம், அதே ஃபுளோரிடா வெயில், அதே பிரைட் ஃபியூச்சர்ஸ். மார்ட்டின் நாற்பது முறை தாண்டிய 40 வெற்றி என்ற கோடு தானாக வருவதில்லை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? மறு ஆண்டு ஜாரெட் அணியை ஒமாஹாவுக்குக் கொண்டுபோனார், முதல் ஆட்டத்தில் டென்னசியிடம் 12–11 என்று கடைசி அடியில் தோற்றார். மொத்தம் 24 பயணம், பட்டம் இன்னும் வரவில்லை. மார்ட்டினின் 17ஐ அதிலிருந்து எடுத்தாலும் அந்தக் கல்லூரிக்குப் பட்டம் இல்லை.

#18 சுழல்பந்து

2023 பற்றிய புள்ளியை ஏற்கிறேன். 40 வெற்றி என்ற தரையை நான் மலிவாக மதித்திருந்தேன், அதைத் திருத்திக்கொள்கிறேன். தரையை உயர்த்திப் பிடிப்பதில் அவருக்கு இணை இல்லை.

கூரையைப் பற்றிய என் குற்றச்சாட்டு நிற்கிறது, இன்னும் குறுகலாக வைக்கிறேன். 2008. போஸி .463 அடிக்கிற அணி. ஒமாஹா முதல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டோடு எட்டு இன்னிங்ஸ் முடிய 5–5. ஒன்பதாவதில் ஸ்டான்ஃபோர்டு 11 ரன் அடித்தது, 16–5. அடுத்த ஆட்டம் மயாமியிடம் 7–5, வீடு. அந்த சீசனில் அணியின் முக்கிய கேட்சரே ஆட்டம் முடிக்கும் பிட்சராகவும் ஆறு சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டம்) எடுத்திருந்தார். போஸியின் திறமைக்கு அது பெருமை. அணி அமைப்புக்கு அது எச்சரிக்கை: கடைசி மூன்று அவுட்டுக்கு நம்ப வேறு ஆள் இல்லை, அவரை பிட்சர் மேட்டுக்கு அனுப்பினால் பின்னால் முகமூடி போட இரண்டாம்நிலை கேட்சர். மூன்றாவது_பேஸ் போட்ட ஸ்காலர்ஷிப் கணக்கில், வாக் வாங்குகிற பேட்டருக்குப் போன 80 சதவீதங்களில் ஒன்று புல்பென்னுக்குப் போயிருக்கவேண்டும் என்பதுதான் என் நிலை.

#19 பதினொன்று

முதல் டிராஃப்ட் தேர்வான பால் வில்சனும் 1986ல் 20 ஆட்டம் ஜெயித்த லாய்ண்டும் மார்ட்டினின் பிட்சர்கள்தான். எறிதலில் முதலீடு செய்யாதவர் என்று சொல்ல முடியாது.

#20 சுழல்பந்து

இருவரும் ஸ்டார்டர்கள். நான் கேட்டது ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு.

#21 புள்ளிப்பலகை

அப்படியென்றால் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: 17 பயணத்தின் தோல்விகளில் ஏழாவது இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையிலோ சமனிலோ இருந்தவை எத்தனை, தொடக்கத்திலேயே பின்தங்கியவை எத்தனை. முதல் வகை பெரும்பான்மை என்றால் சுழல்பந்து சொல்வது சரி. இரண்டாவது வகை என்றால் குறை ஸ்டார்டர்களின் ஓய்வில், அதாவது அடைப்பில். இன்னிங்ஸ் வாரியான ஸ்கோர் வைத்திருப்பவர்கள் 1987, 1989, 1991, 1992 நான்கையும் இங்கே போடுங்கள், முதலில் அவற்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கலாம்.